குளம் தெளிந்த வருடம்

1

காலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கைபேசி தானாகவே ஒரு படத்தைக் காட்டியது. ‘போன வருடம் இதே நாள்’ என்று மேலே எழுதியிருந்தது. இலங்கையில், கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்பக்கம் இருக்கிற குளம். என் தம்பி யோகராஜ் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிறான். அவன் பாதங்கள் தெரிகின்றன. யாரோ எப்போதோ தொலைத்த ஒற்றைச் செருப்பு அடியில் கிடக்கிறது, அதுவும் தெரிகிறது. அவ்வளவு தெளிவு.

போன வருடம் இந்தப் படத்தை வேலையிடத்தில் எல்லோரிடமும் காட்டினேன். இது எங்கள் ஊர்க் குளம், நான் சொன்னபடி செய்து சேற்றை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். இன்றைக்குக் கையுறையைக் கழற்றி அந்தப் படத்தைத் திரையிலிருந்து தள்ளிவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை. பஸ் வரும்வரை விரல் விறைத்து வலித்தது.

நான் இருப்பது கனடாவில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் ஓர் ஊரில். தோட்டத்துக் குளத்தைப் பற்றி ஊரில் இருக்கும் நீங்கள் ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். “கனடாவுல இருக்கிற புள்ள என்னமோ சொல்லி, கொளம் நாசமாப் போச்சு” என்று ஹட்டன் டவுனில் ஒருவர் பேசியது என் காது வரைக்கும் வந்தது. அவர் சொன்னதை முழுப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். ஏரியை ஆராய்கிற ஒரு கூடத்தில் இருக்கிறேன். விஞ்ஞானி இல்லை, உதவியாளர். படகில் போய்த் தண்ணீர் எடுத்து வருவோம். அதை வடிதாளில் வடிகட்டி, தாளில் ஒட்டுகிற பச்சை எவ்வளவு என்று அளப்பேன். அந்தப் பச்சைதான் பாசி. கல்லில் வழுக்குகிற பாசியை நினைக்காதீர்கள். இது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் தூசி போல மிதக்கும். அதைச் சின்னப் பூச்சிகள் தின்னும், பூச்சிகளை மீன் தின்னும். ஏரியின் சோறு அதுதான்.

இந்த ஏரிக்கு மறுகரை தெரியாது. அலை அடிக்கிறது, சரக்குக் கப்பல் போகிறது. முதல் தடவை பார்த்தபோது கடல் என்றுதான் நினைத்தேன். கையில் அள்ளிக் குடித்துப் பார்த்த பிறகுதான் ஏரி என்று நம்பிக்கை வந்தது. இவ்வளவு பெரிய தண்ணீரில் பாசி ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் கேள்வி.

பதில் கேட்பதற்கு லேசானது. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், உரமும் வேண்டும். இரண்டில் எது போதாமல் இருக்கிறதோ அதுதான் வளர்ச்சியைப் பிடித்து வைக்கும். பனி உருகுகிற காலத்தில் ஏரித் தண்ணீர் மேலும் கீழுமாகப் புரளும். பாசியும் அதோடு சேர்ந்து இருட்டான ஆழத்துக்குப் போய்ப் போய் வரும். அப்போது வெளிச்சம் போதாது. கோடையில் மேல்தண்ணீர் சூடேறி மேலேயே நிற்கும். வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்ச பொஸ்பரஸ் என்ற உரச்சத்தைப் பாசி தின்று தீர்த்துவிடும். அதற்கு மேல் வளர வழியில்லை. அதனால்தான் கோடையிலும் ஏரி நீலமாகவே கிடக்கிறது.

தேயிலை மலையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிழல் மரத்துக்கு அடியில் இருக்கிற செடிக்கு உரத்தைக் கொட்டினாலும் ஓரளவுக்குத்தான் கொழுந்து கிளம்பும். மரத்தை வெட்டிவிட்டால், அதே மண்ணில் அதே செடி வேறு மாதிரி வளரும். அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அம்மா கொழுந்து எடுத்த மலையில் பார்த்தது. பிறகு அதையே வேறு வார்த்தைகளில் படித்தேன், இன்றைக்கு அதை அளந்துதான் பிழைக்கிறேன்.

இதைச் சொல்லிவைப்பதற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது என்பதுதான்.

3

எங்கள் குளம் வெள்ளைக்காரன் காலத்தில் ஃபேக்டரிக்காகக் கட்டியது. இப்போது ஃபேக்டரிக்கு அது தேவைப்படுவதில்லை. லயத்து ஆட்களுக்குப் பீலி இருக்கிறது. மலையிலிருந்து வருகிற ஊற்றுக்குக் குழாய் வைத்து, குளிப்பதும் குடிக்கப் பிடிப்பதும் அங்கேதான். மாசி, பங்குனியில் பீலி வற்றிவிடும். அந்த நாட்களில் குளத்துக்குத்தான் போக வேண்டும். மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் குளம் பால் தேத்தண்ணி நிறம். மேலே மரக்கறித் தோட்டங்கள். கொஞ்சம் மழை பெய்தாலே மண் கரைந்து உள்ளே இறங்கிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தம்பி யோகு கூப்பிட்டான். அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். லயத்தில்தான் இருக்கிறான். அவன் மனைவி சாந்தி கொழுந்து எடுக்கப் போகிறாள். தோட்டத்து வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டு, குளத்துக்கு மேலே தரிசாகக் கிடந்த மலையில் இவன் லீக்ஸும் கரட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா, நீங்க தண்ணியத்தானே படிச்சிருக்கீங்க. நம்ம கொளத்துக்கு ஒரு வழி சொல்லுங்களேன். சேறு தாங்க முடியல.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இத்தனை வருடத்தில் ஊரிலிருந்து யாரும் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. “அங்க குளிரா?” என்பதைத் தாண்டி பேச்சுப் போனதில்லை. அன்றைக்கே மலையின் படத்தை வரைந்து அனுப்பினேன். எங்கெங்கே குறுக்குக் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்ப வேண்டும், மண் தங்குவதற்கு எங்கே குழி தோண்ட வேண்டும், கரையைச் சுற்றி மண்ணைப் பிடிக்கிற மானாப் புல்லை எப்படி நட வேண்டும் என்று குறித்திருந்தேன்.

அவர்கள் அதை அப்படியே செய்தார்கள். லீவு நாளில், ஞாயிற்றுக்கிழமைகளில், வேறு யாரும் சொல்லாமல் லயத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து. பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தது ராஜாத்தி அக்கா. யோகு வீட்டுக்கு இரண்டு காம்பரா அறை தள்ளியிருப்பவர், கொழுந்து எடுப்பவர், குரல் கொஞ்சம் பெரிது. வீடியோவில் ஒருநாள் மண்வெட்டியோடு நின்று, “கனடா தங்கச்சி, இந்த எடத்துல கல்லு. வெட்ட முடியாது. கான வளைக்கவா?” என்று கேட்டார். வளையுங்கள் என்றேன்.

அந்த வருடத்து மழைக்குக் குளம் கலங்கவில்லை. அடுத்த தையில் யோகு அந்தப் படத்தை அனுப்பினான்.

நான் ஒன்றைக் கேட்கவில்லை. உரம். யோகு அனுப்பிய வேறு படங்களில் குளத்துக்கு நேர் மேலே அவன் லீக்ஸ் பாத்திகள் வரிசையாக இருந்தன. தண்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக உர மணிகள். பார்த்தேன். அந்தக் குளத்தில் உரத்துக்கு எந்தக் குறையும் இல்லை, இத்தனை காலம் பாசி பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் சேறு, சேறு வெளிச்சத்தை உள்ளே விடவில்லை என்று என் மூளைக்கு எட்டியது. மண்ணைக் கான் பிடிக்கும். கரைந்து வருகிற உரத்தைக் கான் பிடிக்காது.

ஆனால் உரத்தைப் பற்றிப் பேசினால் யோகுவின் பாத்தியைப் பற்றிப் பேச வேண்டும். கல்யாணமாகி எட்டு வருடமாக எந்த வேலையும் ஒட்டாமல் இருந்தவன் அந்த லீக்ஸில்தான் நிமிர்ந்திருந்தான். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மலையில் குளிர்தானே, அப்படியெல்லாம் பாசி கிளம்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

4

மாசிக் கடைசியில் பீலி வற்றியது. சாந்தி கூப்பிட்டபோது எனக்குக் காலை. வடிகட்டுகிற இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தேன். கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணி, கொளம் பச்சையா மாறிருச்சு. மேல பெயின்ட் ஊத்துன மாதிரி இருக்கு. ஒரு மாதிரி வாடையும் அடிக்குது. எதுனால?”

எதனால் என்று கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. வெயில், அசையாத தண்ணீர், அடிவரை வெளிச்சம், வேண்டிய மட்டும் உரம். அந்த மாதிரிப் பாசியில் சில வகை நஞ்சைக் கக்கும். எல்லாம் கக்காது. எந்த வகை என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

“சாந்தி, பச்சத் தண்ணி குடிச்சிராதீங்க. புள்ளைக்குக் குடுத்துராதீங்க.”

“நாங்க எங்க அண்ணி பச்சத் தண்ணி குடிக்கிறோம்? காச்சித்தான்...”

இயந்திரம் கத்தத் தொடங்கியது. வடிதாள் கிழிந்திருக்கும். “சரி சரி, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். அவர்கள் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள், அது போதும் என்றிருந்தது.

நம்ம ஊரில் பச்சைத் தண்ணி என்றால் என்ன என்று உங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காய்ச்சாத தண்ணி. பிள்ளை பெற்ற வீட்டில் மருத்துவிச்சி வந்து சொல்வது, வயிற்றோட்டம் வந்த காலத்தில் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போவது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது வேறு பச்சை. நான் குளத்தின் நிறத்தைச் சொன்னேன். சாந்தி பழைய பேச்சைக் கேட்டாள். குளத்துத் தண்ணீரை இன்னும் நன்றாக, நிறைய நேரம், கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். அண்ணி சொன்னாங்க என்று பக்கத்துக் காம்பராக்களிலும் சொன்னாள்.

காய்ச்சினால் கிருமி சாகும். பாசி கக்குகிற நஞ்சு சாகாது.

5

ஐந்தாறு நாள் கழித்து யோகு கூப்பிட்டான். அவன் மகள் சஞ்சுவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஏழு வயது. வாந்தி நிற்கவில்லை. கையிலும் கழுத்திலும் தடிப்பு. லயத்தில் வேறு மூன்று பிள்ளைகளுக்கும் வயிற்று நோவு. குளத்தங்கரையில் மேய்ந்த மாடொன்று செத்துப்போனது.

“என்ன குடிச்சா?” என்று கேட்டேன்.

“வேற என்னக்கா, கொளத்துத் தண்ணிதான்.”

“நான் குடிக்க வேணாம்னு சொன்னேனே யோகு!”

“நீங்க பச்சத் தண்ணி குடிக்க வேணாம்னு சொன்னீங்களாம். சாந்தி அரை மணி நேரம் காச்சித்தான் குடுத்துச்சு. ஒரு நாள்கூட காச்சாமக் குடுக்கல. எங்கிட்ட சத்தியம் பண்ணுது.”

அவன் சாந்திக்காகப் பேசிக்கொண்டிருந்தான். நான் அவளைக் குறை சொல்வேன் என்று பயந்திருக்கிறான். அப்போதுதான், காய்ச்சியும் குடிக்கக் கூடாது, குளிக்கவும் கூடாது, மாட்டையும் விடாதீர்கள் என்று விஷயத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். “சரிக்கா, சரிக்கா” என்றான். தண்ணி கொண்டுவருகிற பவுசர் வண்டிக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றான்.

என் மகள் நிவேதா அப்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தமிழ் கேட்டால் புரியும். பேசச் சொன்னால் இங்கிலீஷில் பதில் வரும். நான் அழுவதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

“பச்சைத் தண்ணின்னா க்ரீன் வாட்டர்தானே அம்மா? அவங்களுக்கு ஏன் புரியல?” என்றாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் பேச்சு. நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன். அன்றைக்கு என் தமிழ் புரிந்தது இங்கே பிறந்த பிள்ளைக்கு. என் தம்பி பெண்சாதிக்குப் புரியவில்லை. விலகிப் போனது யார் என்று அந்த மேசையில் உட்கார்ந்து யோசித்தேன்.

சஞ்சு பிழைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். தண்ணீரால்தான் என்று டாக்டர் எழுதித் தரவில்லை. அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரைச் சோதிக்காமல் அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

6

தண்ணீரைச் சோதிக்க வைப்பதற்கு நான் பட்ட பாடு தனி. ஊரில் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். குளம் யாருடையது என்று கேட்டார். தோட்டத்துடையது. அப்படியானால் தோட்டம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான் மேலும் விளக்கப் பார்த்தேன். பாசிக்குச் சிங்களத்தில் என்ன என்று வரவே இல்லை. பத்து வயதில் தடுமாறாமல் பேசிய பாஷை. இங்கிலீஷும் தமிழும் கலந்து எதையோ சொல்ல, அவர், “பரவாயில்லை, தோட்டத்திலிருந்து யாரையாவது பேசச் சொல்லுங்கள்” என்றார்.

தோட்டத்து ஆபீஸில் எடுத்தவர் தமிழர்தான். “அது குடிக்கிற தண்ணி இல்லயே மிஸ். லயத்துக்குப் பீலி இருக்கு. கொளத்துல குடிக்கச் சொல்லி நாங்க யாருக்கும் சொல்லலயே.”

“பீலி வத்திருச்சு சேர்.”

“அது தற்காலிகம்தானே.”

இங்கே எங்கள் ஏரியில் ஒரு மூலையில் கொஞ்சம் பச்சை தெரிந்தாலும் அன்றைக்கே படகு போகும். நானே போயிருக்கிறேன். கரையில் பலகை வைப்பார்கள், வானொலியில் சொல்வார்கள். மாதிரி எடுக்காமல் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், எடுத்த பிறகு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்க் குளத்துக்கு நான் மாதிரியே கேட்காமல் கான் வெட்டச் சொன்னேன். ஒரு போத்தல் தண்ணீரும் கைப்பிடி மண்ணும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணமே வரவில்லை. ஊர்தானே, நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

லீவு போட்டுக் கிளம்பினேன். பிறந்த நாட்டுக்குள் நுழைய இணையத்தில் அனுமதி கேட்க வேண்டும். வருகிற காரணம் என்ன என்ற இடத்தில் அவர்கள் கொடுத்திருந்தவற்றில் எனக்குப் பொருந்துவது எதுவுமில்லை. சுற்றுலா என்று தட்டினேன்.

7

கொட்டகலை ஸ்டேஷனில் யோகு நின்றிருந்தான். மெலிந்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, “பயணமெல்லாம் நல்லாருந்துச்சாக்கா?” என்று கேட்டான். வழியெல்லாம் நிவேதாவைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.

நேரே குளத்துக்குத்தான் போனேன். ஓரமெல்லாம் பச்சைக் கூழ். அதன் மேல் காற்றில் சுருக்கம் விழுந்திருந்தது. நாங்கள் வேலையில் செய்கிற ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்போம். சாந்தியிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வாங்கி, கல் சேர்த்துக் கட்டி இறக்கினேன். என் ஏரியில் கயிறு போய்க்கொண்டே இருக்கும். இங்கே முழங்கை நனைவதற்குள் தட்டு காணாமல் போய்விட்டது.

சாந்தி பக்கத்தில் நின்றிருந்தாள். சஞ்சு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தடிப்பு இருந்த இடம் இன்னும் கறுத்திருந்தது. வா என்று கூப்பிட்டேன். பிள்ளை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். நான் பேச வேண்டும் என்று யோகு ஏற்பாடு செய்திருந்தான். எழுந்து நின்று சொன்னேன். சேறு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது. சேற்றை நிறுத்தியதும் வெளிச்சம் உள்ளே போனது. தண்ணீரில் உரம் ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. இரண்டும் சேர்ந்ததில் பாசி பிடித்துவிட்டது. இனி உரத்தை நிறுத்தாமல் குளம் சரியாகாது.

ராஜாத்தி அக்கா எழுந்தார்.

“அப்ப நாங்க கான் வெட்டுனது தப்பாம்மா?”

“தப்பு இல்லக்கா. மண்ணு நின்னது நல்லதுதான். அதோட ஒரத்தயும் நிறுத்தியிருக்கணும். அத நான் சொல்லல.”

“ஏன் சொல்லல? ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

யோகு பின்னாலிருந்து பேசினான்.

“எனக்காகத்தான் சொல்லல. எம் பாத்திதான் கொளத்துக்கு நேர் மேல இருக்கு. அதச் சொன்னா எம் பொழப்புல கை வைக்கணும். அக்கா அதுக்காகத்தான் பேசாம இருந்திருக்காங்க.”

நான் அவனிடம் இதை ஒருபோதும் சொன்னதில்லை. அவன் எப்போது கண்டுபிடித்தான் என்று இன்றைக்கும் தெரியாது.

“நாளைக்கே புடுங்கிர்றேன்” என்றான்.

மேலே பாத்தி போட்டிருந்த இன்னொருவர் சத்தம் போட்டார். “ஒங்க அக்கா பிளேன் ஏறிப் போயிருவாங்க. நாங்க என்னத்தத் திங்கிறது?”

மறுநாள் யோகு பாதி வளர்ந்த லீக்ஸைப் பிடுங்கினான். நானும் கூடப் போனேன். வேண்டாம், நீங்க கரையில உக்காருங்க என்றான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பிடுங்கினார்கள். மற்றவர்கள் பிடுங்கவில்லை. சத்தம் போட்டவரும் பிடுங்கவில்லை. அவரை நான் என்ன சொல்ல?

கிளம்புகிற அன்று சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நானாகவே, “எம் மேல கோவமா சாந்தி?” என்று கேட்டேன்.

“நீங்க நல்லதுக்குத்தானே அண்ணி சொன்னீங்க” என்றாள். “அதான் கோவிக்கவும் முடியல.”

8

யோகு இப்போது கொழும்பில், மரக்கறி மொத்தக் கடையொன்றில் மூட்டை இறக்குகிறான். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகிறான். மலையில் வேறு இடம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. பேசும்போது எப்போதும் போலத்தான் பேசுகிறான். நிவேதாவின் படிப்பைக் கேட்கிறான். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மழை வந்ததும் பீலியில் தண்ணீர் வந்தது. குளத்தில் பச்சை மெலிந்தது. ஆனால் போய்விடவில்லை. மேலே மிச்சமிருக்கிற பாத்திகள் ஒருபக்கம். அது இல்லாவிட்டாலும், இத்தனை வருடம் மண்ணோடு இறங்கிய உரம் அடிச்சேற்றில் கிடக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி மேலே வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த மாதம் மறுபடி மாசி.

போன வாரம் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கப் போனோம். பனி மூடிய இடத்தில் கீழே ஒன்றும் இல்லை, இருட்டு. காற்று பனியை அள்ளிக்கொண்டு போய்க் கட்டி மட்டும் மின்னுகிற இடத்தில் வடிதாள் லேசாகப் பச்சை பிடித்தது. கூட வந்த இளம்பெண் அதைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு அழகு பாருங்கள் என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஏரிக்கு அது நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“அண்ணி, பக்கத்துத் தோட்டத்துல இருந்து ரெண்டு பேர் வந்திருந்தாங்க. அவங்க கொளமும் சேறாத்தான் கெடக்காம். கான் வெட்டுனா தெளியும்னு கேள்விப்பட்டு, ஒங்ககிட்டக் கேக்கணுமாம். நம்பர் குடுக்கவா?”

“நம்ம கொளத்துக்கு என்ன ஆச்சுன்னு சொன்னியா?”

“சொன்னேன். அதனாலதான் ஒங்ககிட்டக் கேக்கணும்ங்கிறாங்க.”

கொடுக்கச் சொன்னேன். அன்றைக்கே ஒருவர் பேசினார். நல்ல மனிதர். மூச்சு வாங்காமல் குளத்தைப் பற்றிச் சொன்னார். சேறு, நாற்றம், பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். நான் முதலில் ஒரு போத்தல் தண்ணீர் கேட்டேன். பிறகு, குளத்துக்கு மேலே யார் யார் தோட்டம் போட்டிருக்கிறார்கள், என்ன உரம், எத்தனை தரம் போடுகிறார்கள் என்று கேட்டேன்.

“மேல நம்ம தோட்டம்தாங்க இருக்கு” என்றார். பிறகு, “சரிங்க, வீட்டுல பேசிட்டு எடுக்குறேன்” என்றார்.

அவர் இன்னும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது. சேற்றுத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கைபேசி அடிக்காமல் போகும்போது, அவர்கள் குளம் இன்றைக்கும் சேறாகத்தான் இருக்கிறது, என் பேச்சால் பச்சையாகவில்லை என்று நினைக்கிறேன். நினைத்ததும் நெஞ்சு லேசாகிறது.